வாசகர் கேள்வி: மகள் பின்லாந்து போகிறாள், குளிரை எப்படித் தாங்குவாள்?

கேள்வி: என் மகள் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எக்ஸ்சேஞ்ச் மாணவியாக வரும் ஆகஸ்டில் பின்லாந்தில் துர்க்கு என்ற ஊருக்குப் போகிறாள். திரும்புவது ஜனவரியில். குளிர் என்றால் அவளுக்குத் தெரிந்தது ஏலகிரிதான். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாஸ்டலே காலியாகிவிடும், கடையெல்லாம் பூட்டிவிடுவார்கள் என்கிறார்கள். குளிரை எப்படித் தாங்குவாள்? தனியாக என்ன செய்வாள்? நீங்கள் அங்கே படித்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.
- ஒரு தாய், குடியாத்தம்

பதில்: அம்மா, உங்கள் மகள் போகும் அதே ஊரில்தான் நானும் ஒரு செமஸ்டர் படித்தேன். காட்பாடியில் பிறந்து அக்னி நட்சத்திரத்திலேயே வளர்ந்தவள் நான். எனக்கே குளிர் பழகிவிட்டது. துர்க்கு கடலோரத்து ஊர், டிசம்பரில் பெரும்பாலும் உறைநிலையை ஒட்டித்தான் இருக்கும். சில நாட்கள் மிகவும் கீழே இறங்கும். ஆனால் அறைக்குள் பொதுவாக 20 டிகிரிக்குக் குறையாது. ஒரே தடி ஸ்வெட்டருக்குப் பதில் மெல்லிய உடைகளாக மூன்று அடுக்கு போட்டால், உள்ளே போனதும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கோட்டை இங்கே வாங்காதீர்கள். அங்கே 'கிர்ப்புதோரி' என்று பழைய துணிக்கடைகள் இருக்கின்றன. அந்த ஊர்க் குளிருக்கென்றே தைத்த கோட்டு மலிவாகக் கிடைக்கும்.

காலணி விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். என் அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் வேலை பார்த்தவர். பனியைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனாலும் கிளம்பும்போது சொன்னார்: "தோல் சோல் வேண்டாம், வழுக்கும். ஆழமாகப் பள்ளம் வெட்டின ரப்பர் சோல் பாரு. ஒரு சைஸ் பெரிசா எடு, உள்ளே காத்து நிக்கணும், அதுதான் சூடு." ஒரு வார்த்தை பிசகவில்லை. தரையில் கண்ணுக்கே தெரியாமல் பனிக்கட்டி படிந்திருக்கும். ஷூவின் அடியில் மாட்டிக்கொள்ளும் ஆணிப் பட்டை அங்கே விற்கிறார்கள், முதல் பனியிலேயே வாங்கிவிடச் சொல்லுங்கள். அப்புறம், தேங்காய் எண்ணெயை வாய் அகன்ற டப்பாவில் கொடுங்கள். பாட்டிலில் கொடுத்தால் கல்லாகிவிடும், வெளியே வராது. நெய், பால்கோவா, இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். வெளியிலிருந்து பயணிகள் இவற்றைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் போதும்.

நான் அழுதது இருட்டுக்குத்தான். நம் ஊரில் டிசம்பரிலும் பதினோரு மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு. அங்கே ஆறு மணி நேரம்கூடக் கிடையாது. மதியம் மூன்றரைக்குள் சூரியன் போய்விடும். அதிலும் நவம்பர்தான் கொடுமை, பனி விழுந்து தரை வெளுக்கும் முன்பு எல்லாமே கறுப்பு. நான் வகுப்பு முடிந்ததும் அறையில் படுத்துக்கொண்டேயிருந்தேன். அதைத்தான் உங்கள் மகள் செய்யக் கூடாது. வெளிச்சம் இருக்கும்போது அரை மணி நேரமாவது வெளியே நடக்கட்டும். வைட்டமின் டி எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். இருட்டில் நடக்கிறவர்கள் ஒளி பிரதிபலிக்கும் பட்டை அணிவது அங்கே வழக்கம். கோட்டில் தொங்கவிடும் சின்ன வில்லை அது.

டிசம்பர் வந்ததும் அந்த ஊர் ஜனங்கள் இருட்டை எதிர்த்து விளக்கு வைக்கத் தொடங்குகிறார்கள். 6ம் தேதி சுதந்திர தினம், மாலையில் ஜன்னலுக்கு ஜன்னல் இரண்டு மெழுகுவத்தி. 13ம் தேதி லூசியா என்ற புனிதையின் நாள், தலையில் மெழுகுவத்திக் கிரீடம் வைத்த பெண்ணோடு ஊர்வலம். எனக்கு நம் கார்த்திகை தீபம் நினைவுக்கு வந்தது.

கிறிஸ்துமஸ் அங்கே 24ம் தேதிதான். நண்பகலுக்குப் பிறகு பெரும்பாலான கடைகள் மூடிவிடும், பஸ்ஸும் குறைந்துவிடும். அதனால் அரிசி, காய்கறியெல்லாம் 23ம் தேதியே வாங்கிவிட வேண்டும். ஹாஸ்டல் காலியாவதும் உண்மைதான். எங்கள் மாடியில் நானும் ஒரு வியட்நாம் பெண்ணும்தான் மிச்சம். சரி, என்ன செய்வது என்று இருவரும் காலையிலேயே பழைய பெரிய சதுக்கத்துக்குப் போனோம். பேராலயத்தில் பன்னிரண்டு மணி அடித்து முடிந்ததும், பிரின்கலா மாளிகையின் பால்கனியிலிருந்து, பண்டிகையை அமைதியாகக் கொண்டாடச் சொல்லும் கிறிஸ்துமஸ் அமைதிப் பிரகடனத்தைப் பின்னிஷிலும் ஸ்வீடிஷிலும் வாசிக்கிறார்கள். 1300களிலிருந்து வரும் வழக்கம். 1827ல் ஊரே எரிந்தபோது பிரகடனம் எழுதிய பத்திரமும் போய்விட்டது, நினைவிலிருந்து மறுபடி எழுதினார்களாம். கூட்டம் அப்படியே அசையாமல் நின்றது. நம் ஊரில் அப்போது மூன்றரை மணி. போனில் அம்மாவைக் கூப்பிட்டு அந்தக் குரலைக் கேட்க வைத்தேன்.

மாலையில் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். பனிக்கு நடுவே ஆயிரக்கணக்கான மெழுகுவத்திகள். அந்த வருடம் அக்டோபரில் என் தாத்தா இறந்துவிட்டார். என்னால் வர முடியவில்லை, பாலாற்றங்கரையில் எரியூட்டியதைப் போனில்தான் கேட்டேன். வேறு ஊரில் அடக்கமானவர்களுக்காக அங்கே தனியாக ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் விளக்கு வைக்கலாம், எந்த மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெகுநேரம் நின்றேன். அறைக்குத் திரும்பி இரண்டு பேரும் புளிசாதம் சாப்பிட்டோம். அந்த இரவு எனக்கு இருட்டாகத் தெரியவில்லை.

காற்றில் அணையாத கூண்டு மெழுகுவத்தி சூப்பர் மார்க்கெட்டிலேயே விற்கிறார்கள். 23ம் தேதி அரிசி வாங்கப் போகும்போது அதிலும் ஒன்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.