சுகம் கிடைக்கவில்லை என்றால் விசுவாசம் குறைவு என்று அர்த்தமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: அம்மாவுக்குப் புற்றுநோய் பரவிவிட்டது, குணமாக்கும் சிகிச்சை இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சபையிலோ, துளி சந்தேகமும் இல்லாமல் ஜெபித்தால் சுகம் நிச்சயம் என்கிறார்கள். வலி மருந்து கொடுப்பது அவிசுவாசமா? அம்மா இறந்துபோனால் குற்றம் உங்களுடையதா?

இல்லை. இரண்டுக்கும் என் பதில் இல்லை என்பதுதான். ஆனால் நான் இதைச் சுலபமாகச் சொல்லவில்லை. என் அக்கா போய் ஆறு வருடம் ஆகிறது. சினைப்பைப் புற்றுநோய், வயது 41. நானும் அன்றைக்கு உங்களுக்கு அறிவுரை சொல்கிறவர்களைப் போலத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஜெபக்குழுவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ‘எனக்குப் புற்றுநோய்’ என்று வாயால் அறிக்கை செய்யக்கூடாது. ‘வலிக்கிறது’ என்பதும் கூடாது. வலிக்கு இடம் கொடுத்ததாகிவிடுமாம். ‘அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்’ என்று ஏசாயா 53:5ஐ அட்டையில் எழுதி, அக்காவின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியது நான்தான். ‘குணமாகிறோம்’ என்ற சொல்லுக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு வேறு. கண்ணைத் திறந்தால் அவளுக்கு முதலில் தெரிவது அதுதான்.

ஜெபிக்க வருகிறவர்களைப் பார்த்து அக்கா சிரிப்பாள். ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டால் ‘ஜெயம்’ என்பாள். எல்லாரும் போனபிறகு தலையணையில் சரிந்து, “சிரிச்சு சிரிச்சு தாடை வலிக்குதுடா” என்பாள். அதை நான் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன்.

ஒருநாள் ராத்திரி, “டேய், நான் இல்லாமப் போயிட்டா பாப்பாவை…” என்று ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை. “இயேசுவின் நாமத்தில் அப்படிச் சொல்லாதக்கா” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு உரத்த சத்தமாக ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அந்த வாக்கியத்தை அவள் மறுபடி எடுக்கப் பல வாரம் ஆனது.

சரி, வேதம் என்னதான் சொல்கிறது? வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபம்பண்ணட்டும் என்கிறது யாக்கோபு 5:14. அங்கே ஜெபிப்பது யார்? மூப்பர்கள். படுக்கையில் கிடக்கிறவனின் விசுவாசத்தை எடைபோட அங்கே யாரும் தராசு தூக்கிக்கொண்டு வரவில்லை. மாற்கு 2இல் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கினார்களே, அங்கேயும் இயேசு கண்டது ‘அவர்கள்’ விசுவாசத்தை, அதாவது தூக்கி வந்தவர்களையும் சேர்த்து. இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவிடம் விசுவாசம் போதுமான அளவு இருந்ததா என்று கேட்கவே வழியில்லை. அவன் செத்து நாலு நாள் ஆகியிருந்தது.

சுகம் கிடைக்காதவர்களும் அதே வேதத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சுகமளிக்கும் கூட்டங்களில் பிரசங்கம் வருவது குறைவு. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்ற பதில் வந்தது, முள் போகவில்லை. தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார் (2 தீமோத்தேயு 4:20). அவனுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார். கூடவே இருந்த லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்கிறார். எலிசா தீர்க்கதரிசியின் கதை எல்லாவற்றையும் மிஞ்சும். அவன் எலும்புகளின்மேல் பட்ட பிணம் உயிர்பெற்று எழுந்தது என்று 2 இராஜாக்கள் 13 சொல்கிறது. அதே அதிகாரம், எலிசா வியாதியில் விழுந்துதான் செத்தான் என்றும் சொல்கிறது!

நம் காலத்திலும் உண்டு. டேவிட் வாட்சன் என்ற ஆங்கிலிக்கன் போதகருக்குப் புற்றுநோய் வந்தபோது அவருக்காக ஜெபித்தவர்களில், சுகமளிக்கும் ஊழியத்துக்குப் பேர்போன அமெரிக்கர் ஜான் விம்பரும் ஒருவர். வாட்சன் 1984இல் இறந்தார். விம்பர் அதற்குப் பிறகும் நோயாளிகளுக்காக ஜெபிப்பதை விடவில்லை. அவருக்கே பின்னால் புற்றுநோய் வந்தது, 1997இல் இறந்தார். இவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இருதய பைபாஸ் அறுவைசிகிச்சை செய்துகொண்ட 1802 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. தங்களுக்காக ஜெபம் நடக்கிறதா இல்லையா என்று தெரியாத இரண்டு குழுக்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. ஜெபம் நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த குழுவில்தான் சிக்கல்கள் அதிகம்: 59 சதவீதம். ஜெபம் கிடைத்தும் அது தெரியாதவர்களிடம் 52. இதை வைத்து ஜெபம் பலிக்காது என்று நான் வாதாடப் போவதில்லை; கடவுளை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைக்க முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் ‘எல்லாரும் ஜெபிக்கிறார்களே, நான் தேறிக் காட்ட வேண்டுமே’ என்ற பாரம் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற ஊகம் அப்போதே எழுந்தது. அதைப் படித்தபோது அக்காவின் தாடைதான் ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டில் காற்று மாறியது, ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் வந்த நாளில். அவரும் எண்ணெய் பூசித்தான் ஜெபித்தார். நெற்றியில் பூசியது வழிந்து புருவத்தில் நின்றது. தன் கைக்குட்டையை எடுத்து, கண்ணில் இறங்காமல் ஒற்றி எடுத்தார். சுகம் தாரும் ஆண்டவரே என்று நேரடியாகக் கேட்டார், சுருக்கமாகக் கேட்டார். அப்புறம் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, “பயமா இருக்காம்மா?” என்றார்.

“இருக்கு ஐயா” என்றாள் அக்கா.

நாலு மாதத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. அவர் உடனே தேற்றவும் இல்லை. 88ஆம் சங்கீதத்தை வாசித்தார். மற்ற புலம்பல் சங்கீதங்களில் எங்காவது ஒரு வெளிச்சம் வந்துவிடும்; இது இருட்டிலேயே முடிகிறது. “இதுவும் வேதத்துல இருக்குதேம்மா” என்றார். அக்கா அழுதாள். நான் சுவரில் இருந்த அட்டையைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

அதற்கு மறுநாள்தான் மார்ஃபின் என்ற வலி மருந்தை எடுக்க ஒத்துக்கொண்டாள். அதுவரை, மார்ஃபின் என்றால் தோற்றுப்போனதாக அர்த்தம் என்று அவளும் நினைத்தாள், நாங்களும் நினைத்தோம். உங்கள் முதல் கேள்விக்கு இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். சாகப்போகிறவர்களின் வலியைத் தணிப்பதைத் தனி மருத்துவமாகவே வளர்த்தவர்களில் முக்கியமானவர் சிசிலி சாண்டர்ஸ். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற, சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்தைத் திறந்தவர், ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. வலி வந்தபிறகு துரத்தாதே, வருவதற்கு முன்பே மணிக்கணக்குப்படி மருந்தைக் கொடு என்பது அவர் வலியுறுத்திய முறை. மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்குங்கள். இதை எங்களுக்கு யாரும் முதலில் சொல்லவில்லை, அக்கா வீணாகக் கஷ்டப்பட்டாள்.

வலி அடங்கிய பிறகுதான் அவளால் பேசவே முடிந்தது. பத்தொன்பது நாள். பாப்பாவுக்கு எந்த வயதில் எதைச் சொல்ல வேண்டும், அவள் அழுதால் உடனே தூக்காதே, கொஞ்சம் விட்டுப்பிடி, அடக்க ஆராதனையில் எந்தப் பாட்டு வேண்டாம், யாரிடம் வாங்கிய கடன் பாக்கி, எல்லாம் சொன்னாள். மூன்று பேரை மன்னித்துவிட்டதாகச் சொன்னாள். நாலாவது ஆளை இன்னும் முடியவில்லை, முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றாள். ஜெபமும் நடந்தது, சுகத்துக்காகவும்தான். அவளே கேட்டாள், கடைசி வாரம் வரை.

அவள் சுகமாகவில்லை. ஏன் என்று எனக்கு யாராவது விளக்க வந்தால் எழுந்து போய்விடுவேன். லாசருவை எழுப்பப்போகிறவர் என்று தெரிந்தும் அந்தக் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டாரே, அதோடு நின்றுகொள்கிறேன்.

அம்மாவுக்காக ஜெபியுங்கள், சுகம் வேண்டும் என்றே கேளுங்கள். டாக்டர் எழுதித்தந்த வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுங்கள். அம்மாவிடம் ‘விசுவாசம் இருக்கா’ என்று விசாரிக்க வருகிறவர்களை வாசலோடு அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. அப்புறம், இன்றைக்கு ராத்திரி ஜெபம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். அம்மா எதையாவது சொல்ல ஆரம்பித்தால், முடிக்கவிடுங்கள்.