டெல்லி ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ 2012-ல் ஏன் மூடப்பட்டது? தனியாரிடம் கொடுத்ததுதான் காரணமா?

தனியார் என்பதைவிட, வேலையைப் பங்குபோட்ட விதம்தான் காரணம் என்பேன். பழுதானது மேம்பாலத்தின் பேரிங், அதாவது தூணுக்கும் மேலே உள்ள பாலத்துக்கும் நடுவில் இருக்கும் தாங்கி. அதை அமைத்தது அரசுத் தரப்பு, அதன் மேல் ரயில் ஓட்டியது தனியார் தரப்பு. பழுது சரியாக இருவருக்கும் நடுவில் விழுந்தது.

2008 ஆகஸ்ட் ஒப்பந்தப்படி சுரங்கம், மேம்பாலம் உள்ளிட்ட சிவில் வேலைகள் டெல்லி மெட்ரோ நிறுவனத்தின் பொறுப்பு. தண்டவாளம், மின்சாரம், சிக்னல், ரயில் பெட்டி, 30 ஆண்டு இயக்கம் எல்லாம் ரிலையன்ஸ் இன்ஃப்ராவும் ஸ்பெயினின் சி.ஏ.எஃப். நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய கம்பெனிக்கு. 2010 அக்டோபர் காமன்வெல்த் போட்டிக்குள் முடிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. 2011 பிப்ரவரி 23-ல் திறந்தார்கள். புது டெல்லி முதல் துவாரகா செக்டார் 21 வரை 22.7 கி.மீ., 6 நிலையங்கள். பெரும்பகுதி சுரங்கம். வம்பு வந்தது மேம்பாலப் பகுதியில்.

மேம்பாலத்தில் தண்டவாளத்தைச் சுமக்கும் கான்கிரீட் உத்தரமான கர்டர் நேரடியாகத் தூணில் உட்காருவதில்லை. நடுவில் பேரிங் இருக்கும். வெயிலில் கர்டர் நீளும்போதும் ரயில் ஏறும்போது வளையும்போதும் அந்த அசைவுக்கு இடம் கொடுப்பது அதுதான். பேரிங் முழுப்பரப்பிலும் படிந்து உட்கார, மெல்லிய கிரவுட் கலவையை ஊற்றுவார்கள். டெல்லியில் இந்தக் கிரவுட் நொறுங்கியது. பார்க்க அற்ப விஷயம். ஆனால் ஒரு பேரிங் சரியாகத் தாங்காவிட்டால் அதன் சுமை பக்கத்துப் பேரிங்குக்குப் போகும், கர்டர் முறுக்கும். மேலே ஜல்லி இல்லாத கான்கிரீட் தளத்தில் தண்டவாளம். ஜல்லி இருந்தால் கொஞ்சம் அசைவை அது விழுங்கிவிடும். இங்கே எல்லாம் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப்பில்தான் போய் முடியும். 120 கி.மீ. வேகத்துக்குத் திட்டமிட்ட பாதையில் இது விளையாட்டல்ல. பேரிங் போக, கர்டர்களிலும் விரிசல்கள் தென்பட்டன. 2012 ஜூலையில் ரயிலை நிறுத்தினார்கள்.

பழுது பார்ப்பதும் லேசில்லை. முதலில் அந்த இடத்தில் தண்டவாளக் கிளிப்புகளைத் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் கர்டர் தூக்கும்போது வெல்டிங் செய்த தண்டவாளமும் சேர்ந்து எழும்பும். பிறகு ஹைட்ராலிக் ஜாக்கிகளால் கர்டரை சில மில்லிமீட்டர் மட்டும், எல்லா முனையும் ஒரே அளவில் உயரும்படி தூக்க வேண்டும். ஒரு முனை முந்தினாலும் புது விரிசல் வரும். பழைய கிரவுட்டைச் சுரண்டி, தூசு போகக் கழுவி, காய்ந்தாலும் சுருங்காத கிரவுட்டை ஊற்றி, அது இறுகிய பிறகே இறக்கலாம். இதை நூற்றுக்கணக்கான இடங்களில் செய்வதென்றால் மாதங்கள் ஓடத்தான் செய்யும்.

2013 ஜனவரி 22-ல் மறுபடி ஓடியது, ஆனால் 50 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டோடு. எக்ஸ்பிரஸ் ரயிலில் விற்பதே வேகத்தைத்தான். அது பாதியாகக் குறைந்தால் டாக்சியை விட்டு யார் வருவார்கள்? ஜூன் 30-ல் தனியார் கம்பெனி விலகியது, மறுநாள் டெல்லி மெட்ரோவே எடுத்து நடத்தியது.

கம்பெனிக்கும் டெல்லி மெட்ரோவுக்கும் நடந்த வழக்கு 2024 வரை இழுத்தது. குறையைச் சரிசெய்ய ஒப்பந்தம் தந்த அவகாசம் 90 நாள். அதற்குள் முழுமையாக முடிந்திருக்க வேண்டுமா, உருப்படியான நடவடிக்கை தொடங்கியிருந்தால் போதுமா என்பதுதான் சண்டையின் மையம். 2017-ல் நடுவர் மன்றம் கம்பெனிக்குச் சாதகமாக 2,782 கோடி ரூபாயும் வட்டியும் தரச் சொன்னது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஆமோதித்தது. 2024 ஏப்ரல் 10-ல் சீராய்வுக்கும் பிந்தைய கடைசி மனுவில் அதே நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பியது. ரயில் ஓடலாம் என்று மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் தந்த சான்றிதழை நடுவர்கள் கண்டுகொள்ளவில்லை என்பது முக்கியக் காரணம்.

பாதை பிழைத்தது கட்டணக் குறைப்பால். 2014-லும் 2015 செப்டம்பரிலும் இறக்கியதில் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாய்க்கு வந்தது, கூட்டமும் வந்தது. 2023-ல் தண்டவாளக் கிளிப்புகளை மாற்றி, வேகத்தைப் படிப்படியாக 120 கி.மீ.க்கு ஏற்றினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பாதை துவாரகாவின் யஷோபூமி மாநாட்டு மையம் வரை நீண்டது. புது டெல்லியிலிருந்து டெர்மினல் 3-க்கு இப்போது சுமார் 16 நிமிடம்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து விமானம் ஏறுகிறவர்கள் புது டெல்லி ஸ்டேஷனில் அஜ்மேரி கேட் பக்கம் வெளியே வாருங்கள், ஏர்போர்ட் மெட்ரோ அங்கேதான். பஹாட்கஞ்ச் பக்கம் இறங்கிவிட்டால் பெட்டியோடு மேம்பாலம் ஏறிக் கடக்க வேண்டும். டிக்கெட்டில் டெர்மினலையும் பாருங்கள்: 2, 3 என்றால் இந்த ரயில், டெர்மினல் 1 என்றால் டெல்லி மெட்ரோவின் இன்னொரு பாதையான மெஜந்தா லைன்.