ஒரு செய்யுளின் யாப்பை எங்கிருந்து அலசத் தொடங்குவது?

எதுகை (இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது), மோனை (முதலெழுத்து ஒன்றிவருவது) கண்ணில் படுகின்றன, அதற்கு மேல் போகத் தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பொருள் புரிவதற்காகப் பதம் பிரித்து அச்சிட்ட பாடலை வைத்து அலகிடாதீர்கள், அதாவது அசைகளாகப் பிரித்துப் பார்க்காதீர்கள். தொடக்கத்தில் நான் நெடுநாள் தடுமாறியது அதனால்தான்.

இந்தக் குறளைப் பாருங்கள்:

எண்ணென்ப ஏனை எழுத்தென்ப இவ்விரண்டும்
கண்ணென்ப வாழும் உயிர்க்கு

‘எண் என்ப’, ‘எழுத்து என்ப’ என்று பிரித்தால் முதலடியில் ஆறு துண்டுகள் நிற்கும். சேர்த்துப் படித்தால் நான்கே சீர் (அசைகள் சேர்ந்த ஓசைத் துண்டு). வாய்விட்டுச் சொல்லுங்கள், காதே பிரித்துக் கொடுக்கும். தனிக் குறிலோ நெடிலோ நேர் அசை, குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரை அசை, மெய்யெழுத்தை எண்ணுவதில்லை. அசைகள் வரும் வரிசைக்கு வாய்பாட்டுப் பெயர் உண்டு: எண்/ணென்/ப நேர் நேர் நேர், தேமாங்காய். ஏ/னை நேர் நேர், தேமா. எழுத்/தென்/ப நிரை நேர் நேர், புளிமாங்காய். இவ்/விரண்/டும் நேர் நிரை நேர், கூவிளங்காய். இரண்டாம் அடியில் தேமாங்காய், தேமா, கடைசியில் ‘உயிர்க்கு’ பிறப்பு (நிரையோடு உகரம் சேர்ந்த ஈற்றுச்சீர்).

அப்புறம் தளை, அதாவது ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் பொருந்தும் முறை. வெண்பாவில் (குறள் இந்தப் பா வகைதான்) தேமா போல ‘மா’ என முடியும் சீரை அடுத்து நிரை வரவேண்டும், ‘விளம்’, ‘காய்’ என முடியும் சீரை அடுத்து நேர் வரவேண்டும். மேலே ஒவ்வொரு சீரையும் அடுத்த சீரோடு பொருத்திப் பாருங்கள், ஓரிடத்திலும் தட்டாது.

எண், கண் என்ற எதுகை எளிதில் தெரியும். மோனையைத்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். முதலடிச் சீர்கள் எ, ஏ, எ, இ என்று தொடங்குகின்றன. இ, ஈ, எ, ஏ நான்கும் ஒரே மோனை இனம் என்பதால் இது முற்று மோனை, அதாவது நான்கு சீரிலும் மோனை. ‘இவ்விரண்டும்’ அதில் சேராது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

சரி, இப்படிப் பெயர் வைத்துக்கொண்டே போனால் என்ன கிடைக்கும்? எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் 653ஆம் குறள்:

ஓஒதல் வேண்டும் ஒளிமாழ்கும் செய்வினை
ஆஅதும் என்னு மவர்

‘ஓதல் வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். தேமாவை அடுத்து நேர் வந்து ஆசிரியத்தளை (ஆசிரியப்பாவுக்கு உரிய தளை) ஆகிவிடும், வெண்பா கெடும். அளபெடை (நெடிலை அடுத்து அதன் இனக் குறில் வந்து ஓசை நீள்வது) வந்ததும் ஓ/ஒதல் நேர் நிரை, கூவிளம் ஆகிறது, தளை சரியாகிறது. ‘ஆஅதும்’ என்பதிலும் இதே கதைதான். உயர நினைப்பவர்கள் தம் புகழை மங்கச் செய்யும் செயலை விட்டு விலகவேண்டும் என்பது பொருள். ‘விலகு’ என்று சொல்லும் ‘ஓஒதல்’, ‘உயர்வோம்’ என்று சொல்லும் ‘ஆஅதும்’ ஆகிய இரண்டும்தான் இங்கே நீண்டு ஒலிக்கின்றன. அடியின் தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நிற்கின்றன. யாப்புக்காக வந்த நீட்சிதான், ஆனால் வாய்விட்டுப் படிக்கும்போது அந்த இரண்டு சொற்களில்தான் குரல் தங்குகிறது.