‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ படத்தில் பாட்டே இல்லையாமே, அமெரிக்க ஃபுட்பால் தெரியாதவர்கள் பார்க்கலாமா?

தாராளமாகப் பாருங்கள். பத்து கஜம் முன்னேற நாலு வாய்ப்பு, கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. எனக்குத் தெரிந்த விதியே அவ்வளவுதான். நீங்கள் கேட்பது 2006இல் தொடங்கிய டிவி தொடரை அல்ல, 2004இல் பீட்டர் பெர்க் எடுத்த படத்தை என்று எடுத்துக்கொள்கிறேன். கோச்சின் மனைவியாக இரண்டிலும் கானி பிரிட்டன்தான், அதனால் பலர் குழப்பிக்கொள்வார்கள்.

“பாட்டே இல்லையாமே” என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அங்கங்கே ராக், ராப் எல்லாம் வரும். ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்துவது ‘எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை’ குழுவின் பாடகரே இல்லாத கிதார் இசை. கதை நடப்பது மேற்கு டெக்சாஸில், ஒடெஸ்ஸா என்ற எண்ணெய்க் கிணற்று ஊரில், 1988இல். அந்த ஊர் பெர்மியன் பள்ளி அணியைப் பற்றித்தான் படம், அதன் பரம வைரி பக்கத்து ஊர் மிட்லண்டின் லீ பள்ளி. அந்த இசைக்குழுவின் நாலு பேரில் மூன்று பேர் அதே மிட்லண்ட் பையன்கள்! வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரே கடையைச் சாத்திவிட்டு மைதானத்துக்குப் போவதன் பாரம் அவர்களுக்குத் தெரியாதா? மைதானத்தில் எலும்பு நொறுங்க மோதிக்கொண்டிருப்பார்கள், கிதார் அதைக் கண்டுகொள்ளாமல் நிதானமாகப் போகும். பதினேழு வயதிலேயே வாழ்க்கையின் உச்சம் முடிந்துபோகிறது என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடும்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்பவன். ஒரு கல்யாணத்தில் பெண்ணை அனுப்பிவைக்கிற காட்சிக்கு இந்தக் குழுவின் ‘யுவர் ஹேண்ட் இன் மைன்’ போட்டுக் காட்டினேன். (உரிமை வாங்கினாயா என்று கமெண்டில் வருபவர்களுக்கு: அது மாதிரிக்குப் போட்டது, கொடுத்த வீடியோவில் இல்லை.) மாப்பிள்ளையின் சித்தப்பா பார்த்துவிட்டு, “என்ன தம்பி, எழவு வீடு மாதிரி இருக்கு, மாஸா ஏதாச்சும் போடுங்க” என்றார். போட்டேன். மறுநாள் அந்தப் பெண் தனியாக மெசேஜ் அனுப்பினாள், “அண்ணா, முதல்ல போட்டதை அழிச்சிடாதீங்க” என்று. சித்தப்பாவிடமிருந்து மீதிப் பணம் இன்னும் வரவில்லை. மேடைப் பூ அலங்காரத்துக்கு லட்சக்கணக்கில் எண்ணி வைப்பவர்கள், ராத்திரி பகலாகக் கண் எரிய வெட்டி ஒட்டுபவனிடம் மட்டும் “அடுத்த மாசம் பாக்கலாம்” என்பார்கள். எல்லா வீட்டையும் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

நடிகர்களில் பில்லி பாப் தார்ன்டன் கோச். நாற்காலியை உடைத்துக் கத்துகிற ரகம் இல்லை, ஊர்ப் பெரியமனிதர்கள் சிரித்துக்கொண்டே மிரட்டுவதை முகத்தாலேயே விழுங்குவார். டிம் மெக்ரா நிஜத்தில் பெரிய கன்ட்ரி பாடகர். அவரைக் குடிகார அப்பாவாக்கியிருக்கிறார்கள். பந்து நழுவுகிறது என்று மகன் கையோடு பந்தை டேப் சுற்றி ஒட்டுவார், பயமாக இருக்கும். முழங்கால் போன நட்சத்திர ஆட்டக்காரனாக டெரெக் லூக். காரில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உடைந்துபோகிற அந்த ஒரு காட்சி போதும்.

“உண்மைக் கதையை மாற்றிவிட்டார்கள்” என்பவர்களும் வருவார்கள். ஆமாம். டாலஸ் கார்ட்டர் பள்ளியோடு நிஜத்தில் நடந்தது அரையிறுதி, ஆஸ்டின் நகரில். படத்தில் அதையே ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் இறுதிப் போட்டி ஆக்கிவிட்டார்கள். எனக்கு அதில் குறை இல்லை. முடிவைச் சொல்லமாட்டேன்.

கேமரா ஆடிக்கொண்டே இருக்கும், தலைவலிக்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். போன் ஸ்பீக்கரில் பார்ப்பதாக இருந்தால் தயவுசெய்து பார்க்கவே வேண்டாம், ஹெட்போன் மாட்டுங்கள்.