காலிப்பர் பிடித்துக்கொண்டால்: கிட் போடலாமா, புதுசு மாட்டலாமா?

பிரேக் காலிப்பர் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்துவைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். காலிப்பர் என்பது, பெடலை மிதித்ததும் ஆயில் பிரஷரில் உள்ளே இருக்கும் பிஸ்டன் நகர்ந்து, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேட் வைத்து அழுத்திப் பிடிக்கும் பாகம். கிட் என்றால் அதன் சீல், பூட் (தூசியும் தண்ணீரும் புகாமல் மூடும் ரப்பர் உறை) போன்ற உதிரிகள் மட்டும். அசெம்ப்ளி என்றால் முழுக் காலிப்பர். நம் ஊர்ச் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். அதனால் தனியாகச் சொல்லாத இடங்களில் முன்சக்கரக் காலிப்பர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலி, ஸ்விஃப்ட்: அண்ணா, பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் முன்பக்க இடது சக்கரம் மட்டும் கொதிக்கிறது, கருகின வாடை வேறு. வண்டியும் இடப்பக்கமே இழுக்கிறது. மெக்கானிக் ‘காலிப்பர் போச்சு, அசெம்ப்ளியா மாத்திடலாம்’ என்கிறார். மாற்றிவிடவா?

அவசரப்படாதீர்கள் தம்பி. சக்கரம் பிடித்துக்கொள்ளப் பிஸ்டன்தான் காரணம் என்றில்லை. காலிப்பர் சறுக்கி நகர்வதற்கான ‘பின்’ என்ற கம்பி இறுகியிருக்கலாம், ஆயில் வரும் ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம். ஹோஸ் அடைத்த வண்டிக்குப் புதுக் காலிப்பர் மாட்டினால் மறுவாரமே அதே வாடை வரும்.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டு கொடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரைப் பிரேக்கை நன்றாக மிதித்து விடச் சொல்லுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, கால் சுற்று திறங்கள். கொஞ்சம் ஆயில் பீய்ச்சி அடித்து, சக்கரம் உடனே லூசானால் உள்ளே பிரஷர் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் இப்படி என்றால் சந்தேகம் முதலில் ஹோஸ் மேல். உள்சுவர் பிய்ந்து மடிந்து கதவு மாதிரி ஆகியிருக்கும். மிதிக்கிற வேகத்தில் ஆயில் உள்ளே போகும், திரும்பி வராது. வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரியே இருக்கும், நம்பாதீர்கள். இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து பிடித்தால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பாருங்கள்.

அவரே மறுபடி: செய்து பார்த்தேன் அண்ணா. நிப்பிளைத் திறந்தும் லூசாகவில்லை.

அப்போது பின், இல்லையென்றால் பிஸ்டன். காலிப்பர் போல்ட் இரண்டையும் கழற்றுங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் ஸ்பிரிங்கில் ஒரு கம்பி போட்டுக் கட்டுங்கள். பின்னை விரலால் இழுத்துத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இடுக்கி கேட்டால் அதுதான் வியாதி. உள் பேட் தகடு தெரியத் தேய்ந்து, வெளிப் பேட் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தாலும் பின்னைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பேட் ஒரு ஓரமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால் இரண்டில் ஒரு பின் மட்டும் இறுகியிருக்கும். துருவைச் சுத்தம் செய்து, புது பூட், சரியான கிரீஸ் போட்டால் வேலை முடிந்தது. பின்னிலேயே குழி விழுந்திருந்தால் புதுப் பின் போடுங்கள். காலிப்பருக்குச் செலவே இல்லை.

தூத்துக்குடி, வேகன் ஆர்: பிஸ்டன்தான் இறுகியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கிட் போட்டால் நிற்குமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

பிஸ்டனின் மேற்பரப்பை வைத்து. இதில் பலரும் குழம்புவது டிரம் பிரேக் பழக்கத்தால். டிரம்மின் வீல் சிலிண்டரில் ரப்பர் கப், சிலிண்டர் சுவரைத் தேய்த்துக்கொண்டு ஓடும். அங்கே சுவரில் குழி இருந்தால் ஒழுகும். காலிப்பரில் கதை தலைகீழ். சீல், சுவரில் வெட்டிய காடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதன் நடுவே பிஸ்டன்தான் போய் வருகிறது. மிதிக்கும்போது அந்தச் சதுர சீல் லேசாக முறுக்கிக்கொள்ளும், விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைத் துளி பின்னே இழுக்கும். பேட் டிஸ்க்கை விட்டு விலகுவது அவ்வளவு தூரம்தான். ஆக, ஆயிலை அடைத்து நிறுத்துவது பிஸ்டன் மேலுள்ள குரோம்.

போன மழைக்காலத்தில் உங்கள் ஊர்ப் பக்கத்து வண்டி ஒன்று என்னிடம் வந்தது. பூட்டில் நகம் அளவு கிழிசல். பிஸ்டனை எடுத்தால் பூட் உட்காரும் இடத்துக்குக் கீழே பழுப்பு வளையம், மோதிரம் போட்டது மாதிரி. நகத்தால் வருடினேன், நகம் மாட்டியது. குரோம் பொரிந்து அடியில் இரும்பு தெரிந்தது. இப்படி இருந்தால் எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துப் பயனில்லை. மிச்சக் குரோமும் போகும், புது சீலும் கிழியும். பிஸ்டன் மாற்ற வேண்டும். கிட்டோடு பிஸ்டனும் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் அசெம்ப்ளிதான். நகம் மாட்டாத வெறும் கறை என்றால் தைரியமாகக் கிட் போடலாம்.

சுவரில் காடிக்கு வெளியே இருக்கும் துருவைச் சுரண்டி எடுத்துவிடலாம். காடிக்குள்ளேயே துரு தின்றிருந்தால் புது சீலும் சரியாக உட்காராது. அந்தக் காலிப்பரை விட்டுவிடுங்கள்.

பிஸ்டனை வெளியே எடுக்கக் காற்று அடிக்காதீர்கள். குண்டு மாதிரி வரும், விரல் நசுங்கும். ஹோஸைக் கழற்றாமல், எதிரே மரக்கட்டை வைத்து, பெடலை மெதுவாகப் பாதிப் பாதியாக மிதித்தால் தானாக வெளியே வரும்.

சென்னை, ஐ10: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது சார். இப்போது வலது காலிப்பர் இறுகுகிறது. இடது நன்றாக இருக்கிறது.

இடதையும் திறங்கள். இரண்டும் குளித்தது ஒரே தண்ணீரில்தானே! பிரேக் ஆயிலை முழுதாக மாற்றுங்கள். டாட் 3, டாட் 4 என்ற ஆயில் வகைகள் இரண்டுமே காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 140தான். பின்சக்கர டிரம்களையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஈரோடு: காலிப்பர் பின்னுக்கு வீல் பேரிங் கிரீஸ் போடலாமா? உதிரிகளைப் பெட்ரோலில் கழுவலாமா?

இரண்டும் வேண்டாம். பெட்ரோல், டீசல், சாதாரண கிரீஸ் எது பட்டாலும் பிரேக் ரப்பர் ஊதிவிடும். சில காலிப்பர்களில் ஒரு பின்னின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும். அது ஊதினால் பின் மறுபடி இறுகி, ‘கிட் போட்டும் நிற்கல’ என்று பழி கிட் மேல் விழும். சிலிகான் கிரீஸ் போடுங்கள். கழுவுவதற்குப் பிரேக் கிளீனர், இல்லையென்றால் புது பிரேக் ஆயிலே போதும்.

கோவை: பின்னாலும் டிஸ்க், ஹேண்ட் பிரேக் கேபிள் காலிப்பரிலேயே வருகிறது. அதற்கும் கிட் போடலாமா?

நான் போடமாட்டேன். உள்ளே திருகு, ஸ்பிரிங், லீவர் என்று தனி உலகம் இருக்கிறது. லீவர் தண்டில் துரு ஏறினால் கிட் கைகொடுக்காது. அசெம்ப்ளியாகவே மாற்றுங்கள். பேட் மாற்றும்போதும் அந்தப் பிஸ்டனைத் தள்ளக் கூடாது, பெரும்பாலும் திருகித்தான் உள்ளே இறக்க வேண்டும்.

தாம்பரம்: புதுப்பேட்டையில் பழைய காலிப்பர் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறதே?

வாங்குங்கள், ஆனால் கிட் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கடையிலேயே பூட்டை விலக்கிப் பிஸ்டனைப் பார்க்க விடமாட்டேன் என்றால் நடையைக் கட்டுங்கள்.

சேலம்: ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

காலிப்பர் ஒன்று போதும், மறுபக்கம் சுலபமாக நகர்ந்தால். பேட் மட்டும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். ஹோஸ் போல்ட்டின் செம்பு வாஷர் எப்போதும் புதுசு. வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் மிதி தரைக்குப் போகும்.

மதுரை: இரண்டு பக்கமும் புதுக் காலிப்பர் மாட்டி, நாலு தடவை ஏர் (ஆயிலில் சிக்கிய காற்று) எடுத்தாச்சு. பெடல் இன்னும் ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் போச்சா?

அதற்கு முன் கீழே குனிந்து நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காலிப்பரின் அடியில் இருந்தால், இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள். காற்று மேலே நிற்கும், நீங்கள் கீழே ஆயில் எடுத்துக்கொண்டே இருப்பீர்கள். மாற்றி மாட்டி, ஐந்தாவது தடவை எடுங்கள்.