ஒரே வரியில் கையை வெட்டிவிட்டார், இது செல்லுமா?

கேள்வி: நாங்கள் ஆறு பேர் டிஸ்கார்டில் ஒரு கற்பனை நாட்டை வைத்து இரண்டு வருடமாகத் தமிழில் ரோல்பிளே எழுதுகிறோம், அதாவது ஆளுக்கு ஒரு கேரக்டரை வைத்துக்கொண்டு மாறி மாறிக் கதை எழுதுகிறோம். பேச்சும் பயணமுமாகப் போகும்வரை சிக்கல் இல்லை. சண்டை வந்தால் தகராறுதான். போன வாரம் நண்பர் ஒருவர், தன் கேரக்டர் ‘மின்னலாய்ப் பாய்ந்து மாறனின் வலக்கையை வெட்டிவிட்டான்’ என்று எழுதினார். மாறன் என் கேரக்டர். நான் திருப்பி அடித்தால் ஒவ்வொரு தடவையும் ‘லாவகமாக விலகினான்’. கேட்டால், ‘என் ஆள் பலசாலி, கேரக்டர் ஷீட்டைப் பார்’ என்கிறார். பகடை உருட்டித் தீர்த்துக்கொள்ளலாமா? - பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் மாறனின் கையை ஒட்டவைத்துவிடுவோம். அந்த வரி செல்லாது. மாறனுக்கு என்ன ஆயிற்று என்று எழுத வேண்டியவர் நீங்கள்தான். நண்பர் தன் ஆள் என்ன செய்ய முயன்றான் என்று மட்டும் எழுதலாம். அடுத்தவர் கேரக்டரின் மேல் முடிவை ஏற்றுவதை பவர்பிளே என்பார்கள். தன் கேரக்டருக்கு எதுவுமே படாமல் பார்த்துக்கொள்வது காட்மோடிங். உங்கள் நண்பரிடம் இரண்டும் இருக்கின்றன. பேட்டிங் பிடிப்பவரே அம்பயராகவும் நிற்கும் தெருக் கிரிக்கெட்தான் இது.

கேரக்டரின் பலம், திறமை எல்லாம் எழுதிய ஷீட் இங்கே உதவாது. 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய ‘மட்’ என்ற, பலர் சேர்ந்து எழுத்திலேயே ஆடும் கணினி விளையாட்டில் அடி பட்டதா இல்லையா என்பதைக் கணினியே கணக்குப் போட்டுச் சொன்னது. உங்கள் சேனலில் அப்படி ஒரு கணக்குப்பிள்ளை கிடையாது. ‘பலம் 9’ என்று ஷீட்டில் இருந்தால் அடி விழுந்தால் வலிக்கும் என்று பொருள். அடி விழுந்தே தீரும் என்று பொருள் இல்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் ஒரு தனிப் பொறி உண்டு. ‘வெட்டினான்’, ‘குத்திவிட்டான்’ என்று வினைமுற்றிலேயே காரியம் முடிந்துவிடும். அந்த ‘விட்டான்’ வந்தால் எதிராளிக்கு எழுத ஒன்றும் மிச்சமில்லை. அதனால் தாக்கும் போஸ்ட், ஆயுதம் உடலைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் நிற்க வேண்டும்: ‘ஓங்கினான்’, ‘குறிவைத்து வீசினான்’, ‘நோக்கி இறக்கினான்’. கூடவே எதிராளி பதில் எழுதத் தேவையான விவரமும் வேண்டும். எந்த ஆயுதம், எந்தக் கை, எவ்வளவு தூரம், எந்தத் திசை, உடலின் எந்த இடம் என்ற ஐந்தும் இருந்தால் போதும். நண்பரின் வரியை இப்படி மாற்றலாம்: ‘மூன்றடி தூரத்தில் இடக்காலை ஊன்றி, வலக்கை வாளை மேலிருந்து சாய்வாக மாறனின் வலது முன்கையை நோக்கி இறக்கினான்.’ மின்னல் போனதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஒரு போஸ்டில் ஒரு நகர்வு, ஒரு தாக்குதல். அதற்கு மேல் வேண்டாம். ‘குனிந்தான், உருண்டான், காலைத் தட்டினான், எழுந்தான், கழுத்தில் கத்தியை வைத்தான்’ என்று ஐந்து செயலை அடுக்கினால், முதல் செயலிலேயே எதிராளி தடுத்திருக்கலாமே என்ற கேள்வி வரும். மீதி நான்கும் செல்லாமல் போகும். பகடை உருட்டி ஆடும் ரோல்பிளே விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் சண்டையின் ஒரு சுற்று என்பது 6 விநாடி. உங்கள் போஸ்டையும் அந்த அளவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மந்திரம், தீப்பிழம்பு மாதிரியானவற்றுக்கு முன்தயாரிப்பாக இரண்டு போஸ்ட் வேண்டும். அந்த இரண்டும் எதிராளியின் கண்ணில் படவேண்டும், குறுக்கிட்டுக் கலைக்க அவருக்கு வழியும் இருக்கவேண்டும்.

இனி உங்கள் பக்கம். உரிமை உங்களுடையது என்றால் அடி வாங்கும் பொறுப்பும் உங்களுடையதே. நடுவர் இல்லாமல் கபடி ஆடும் பையன்களில் எவனைத் தொட்டாலும் ‘படல’ என்பான். அந்த ஆட்டம் பத்து நிமிடம் தாங்காது. தாக்குதலுக்குப் பதில் மூன்று வகைதான்: முழுதாகப் பட்டது, பாதி பட்டது, தப்பினான். மூன்று தாக்குதலில் ஒன்றாவது படவேண்டும் என்று குழுவில் பேசி வையுங்கள். தப்பினாலும் சும்மா தப்பக்கூடாது. இடம் இழக்கலாம், மூச்சு வாங்கலாம், கேடயம் பிளக்கலாம், முதுகு சுவரில் முட்டலாம். அடுத்த போஸ்டில் எதிராளி பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும். ‘மாறன் கையை இழுத்தான். முழங்கைக்குக் கீழே சதை கிழிந்து பிடி தளர்ந்தது. வாள் இன்னும் கையில்தான்’ என்று எழுதினால், அடித்தவருக்கும் பலன் உண்டு, கையும் மிச்சம். வாங்கிய காயத்தை இரண்டு போஸ்ட் கழித்து மறந்துவிடாதீர்கள். பல சண்டைகள் கெடுவது அங்கேதான்.

அடி வந்தபிறகு ‘உள்ளே இரும்புக் கவசம் போட்டிருந்தான்’ என்பது கள்ளாட்டம். கவசம், விஷம், ஒளித்த கத்தி எல்லாம் சண்டைக்கு முன்பே ஏதோ ஒரு போஸ்டிலோ ஷீட்டிலோ இருக்க வேண்டும். அதேபோல எதிராளி தன் கேரக்டரின் மனதில் ஓடுவதாக எழுதியதை நீங்கள் படித்திருப்பீர்கள். மாறன் படிக்கவில்லை. ‘இடப்பக்கம் ஏமாற்றி வலப்பக்கம் குத்த நினைத்தான்’ என்று அவர் எழுதியதும் மாறன் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டால் அது மெட்டாகேமிங்.

பகடை பற்றிக் கேட்டீர்கள். உருட்டலாம். ஆனால் எந்தப் பகடை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இருவரும் இருபது முகப் பகடை உருட்டி, நண்பரின் பலத்துக்காக அவருக்கு மட்டும் 3 கூட்டுகிறோம் என்று வையுங்கள். அவர் ஜெயிக்க 62 சதவீதம், தோற்க 34 சதவீதம், மீதி 4 சமம். அதாவது பலசாலி மூன்றில் ஒரு முறை தோற்பார், ‘ஷீட்டைப் பார்’ என்று மறுபடி கிளம்புவார். அதே 3-ஐ வைத்து, ஆளுக்கு இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டிக் கூட்டினால் 76 ஜெயம், 16 தோல்வி, 8 சமம். இரண்டு பகடையின் கூட்டுத்தொகை நடுவில் குவியும் என்பதால் சின்னச் சலுகைக்கும் எடை கூடுகிறது. உங்கள் குழுவுக்கு இதுவே சரி என்பேன். சலுகை யாருக்கும் 3-ஐத் தாண்ட வேண்டாம். எண்களின் வித்தியாசத்தை வைத்தே காயத்தை முடிவுசெய்யலாம்: 1, 2 என்றால் கீறல். 3 முதல் 5 வரை காயம். 6 அல்லது அதற்கு மேல் என்றால் ஆள் தடுமாறி விழுவான். சமம் என்றால் ஆயுதங்கள் மோதி நின்றன.

எல்லோரும் பார்க்கும் சேனலில், பகடை உருட்டித் தரும் பாட் (தானியங்கி நிரல்) மூலம், எழுதுவதற்கு முன்னால் உருட்டுங்கள். வந்த எண் வந்ததுதான், மறு உருட்டல் கிடையாது. பகடை சொல்வது பட்டதா, எவ்வளவு பட்டது என்பதை மட்டும். எப்படிப் பட்டது என்று எழுதுவது அப்போதும் அடி வாங்கியவர்தான்.

ஆனால் பகடைக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, பெரும்பாலான குழுக்கள் அதைத் தாண்டிப் போய்விடுகின்றன. சண்டை தொடங்குமுன் கதைக்கு வெளியே, ஓஓசி (அவுட் ஆஃப் கேரக்டர்) சேனலில், பந்தயம் என்ன என்று பேசுங்கள். தோற்றவன் சாவானா, பிடிபடுவானா, ஓடிப்போவானா? சாவு, உறுப்பு இழப்பு போன்ற மீளாத சேதம் உரியவர் சம்மதம் இல்லாமல் நடக்காது என்று எழுதியே வையுங்கள். யார் ஜெயிப்பது என்பதையே பேசி முடித்துவிட்டு எழுதத் தொடங்குவது இன்னும் உசத்தி. சுவாரசியம் போய்விடும் என்று பயப்படாதீர்கள். முடிவு தெரிந்த கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும் ஊர் நம்முடையது. ஜெயிக்கத் துடிக்கும் அவசரம் போனால் இருவருமே நன்றாகத் தோற்று எழுதுவார்கள்.

ஆறு பேரும் இறங்கும் சண்டை என்றால் வரிசை போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் முறை வந்து 48 மணி நேரம் எழுதாவிட்டால் அவர் கேரக்டர் தற்காத்து நிற்கிறது என்று வைத்து அடுத்தவருக்குப் போகலாம். அவர் இல்லாத நேரத்தில் யாரும் அதை வீழ்த்தக்கூடாது. ஒருவர் பதில் எழுதும் முன் அவர் மேல் இரண்டு பேருக்கு மேல் பாயவும் வேண்டாம். தகராறு வந்தால் அந்தச் சண்டையில் இல்லாத ஒருவர் மாடரேட்டராக இருந்து போஸ்டை மட்டும் பார்த்துச் சொல்லட்டும். அதிகபட்சம் ஒரு போஸ்ட் பின்னால் போகலாம். அதற்கு மேல் போனால் கதையே அவிழ்ந்துவிடும்.

உங்கள் சண்டை ஒரு வாரம் பழையதாகிவிட்டதால் இந்த ஒரு தடவை மட்டும் விதிவிலக்கு. இன்றே ஓஓசியில் இப்படி எழுதுங்கள்: ‘கை வெட்டப்பட்ட அந்த போஸ்டுக்குத் திரும்புவோமா? நீ வாளை இறக்கியதோடு நிறுத்து, ஆழமான காயம் ஒன்றை நான் எழுதிக்கொள்கிறேன். அடுத்த என் அடியில் உன் ஆளுக்கும் ஏதாவது படட்டும்.’ காயத்தை முதலில் நீங்களே கொடுப்பதால் அவருக்கு மறுக்கக் காரணம் குறையும். அப்போதும் முடியாது என்றால், மாறன் புகைக்குள் புகுந்து காட்டுப் பக்கம் மறைந்தான் என்று எழுதுங்கள். மாறன் எங்கே போகிறான் என்று எழுத அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.