காட்பாடி மொட்டைமாடித் திரையிடல்: டாவ்ரோஸ் கதையை எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம். காலப்பயணம் செய்யும் 'டாக்டர்' என்பவரைப் பற்றிய பிரிட்டிஷ் டிவி தொடரான 'டாக்டர் ஹூ' பார்த்தே இராதவர்களுக்கு, பழைய எதிரி டாவ்ரோஸ்மேல் டாக்டர் காட்டும் இரக்கம் இரண்டு மணி நேரத்தில் புரியவேண்டும், 1975 கதையையும் போடவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது ஆறு பகுதி, நேரத்தை விழுங்கிவிடும். 2015 செப்டம்பரில் வந்த இரட்டை எபிசோடு போதும். ஒவ்வொன்றும் முக்கால் மணிக்குச் சற்று மேல். 'உலோகக் கூட்டுக்குள் இருக்கும் கொலைகார டாலெக்குகளை உருவாக்கியவன் டாவ்ரோஸ்' என்று முன்னாடியே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

சொதப்புவது பெரும்பாலும் தொடக்கத்தில்தான். போர்க்களச் சேற்றிலிருந்து முளைக்கும் கைகளுக்கு நடுவே ஒரு சிறுவன். பெயர் டாவ்ரோஸ் என்று கேட்டதும் டாக்டர் அவனை விட்டுவிட்டுப் போகிறார். இதைத் தவறவிட்டவருக்குக் கடைசிக் காட்சி வெறும் சென்டிமென்ட். எல்லோரும் உட்கார்ந்த பிறகே போடுங்கள். வேலூர் மே மாத வெளிச்சத்தில் அந்தச் சாம்பல் நிறம் புரொஜெக்டரில் எடுபடாது, ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

டீ இடைவேளை இரண்டு எபிசோடுக்கும் நடுவில் மட்டும். டாவ்ரோஸ் சூரிய உதயம் பார்க்க ஆசைப்பட, டாக்டர் தன் உயிராற்றலைத் தருகிறார், அது பொறி. அங்கே நிறுத்தினால் 'ஏமாந்துட்டாரு' என்று முடிவுகட்டிவிடுவார்கள். அதே ஆற்றல்தான் சாக்கடையில் அழுகிக்கிடக்கும் பழைய டாலெக்குகளையும் எழுப்புகிறது.

சப்டைட்டில் கட்டாயம். டாலெக் கூட்டுக்குள் மாட்டிக்கொண்ட டாக்டரின் தோழி கிளாரா கருணை கேட்கும் ஒற்றைச் சொல் அந்தத் தகரக் குரலில் நழுவிவிடும். டாலெக்குக்கும் கருணை என்ற சொல் தெரிந்திருக்கிறதே என்றுதான் டாக்டர் அந்தச் சிறுவனிடம் திரும்பிப் போகிறார்.